அப்பாவும் மூன்று லிட்டர் ஆயிலும்

எண்ணெய் என்றதும் நம்மில் பலருக்குத் தலையில் தேய்ப்பதும், விளக்கில் ஊற்றுவதும், பலகாரம் சுடுவதும்தான் நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதப் புகுவது இம்மூன்றிலும் சேராத ஓர் எண்ணெயைப் பற்றி. என் தந்தையார் அதை எண்ணெய் என்று சொல்லவும் மாட்டார், "ஆயில்" என்பார். எங்கள் வீட்டில் எண்ணெய் அம்மாவுடையது, ஆயில் அப்பாவுடையது.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா முதலில் தோட்டக் கூலி. பிறகு தோட்டத்து ஜீப்புக்குக் கிளீனர். பிறகு அதே ஜீப்புக்கு டிரைவர். இப்போது பழைய மாருதி ஆம்னி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. மாருதி 800 காரில் உள்ள அதே 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். "எல்லாரும் அடுப்புக்கு முன்னால உக்காருவாங்க, நான் அடுப்பு மேலயே உக்காந்து பொழைக்கிறேன்" என்பது அப்பாவின் வேடிக்கை. மே மாதக் கோடை விழாச் சமயத்தில் அந்த வேடிக்கையை அவர் சொல்வதில்லை.

அந்த எஞ்சின் படும் பாட்டை ஒருநாள் விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆள்களோடும் மூட்டைகளோடும் வண்டி 1,200 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை 1,200 மீட்டர் மேலே தூக்க வேண்டும். பிளஸ் டூவில் படித்த சூத்திரம்தான். விடை ஒரு கோடியே நாற்பது லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும் என்றால், வெறுமனே மேலே தூக்குவதற்கே ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரிய வேண்டும். மற்ற முக்கால் பங்கு வெப்பமாகிப் போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று உறுமிக்கொண்டு ஏறும்போது அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைச் சுமப்பது இந்த ஆயில்தான்.

இறங்கும்போது எஞ்சினுக்கு ஓய்வு என்று நினைத்துவிடக் கூடாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவன் பத்தாவது வளைவில் பிரேக் சூடேறித் தவிப்பான். ஆகவே கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது ஆக்சிலேட்டரில் கால் இருக்காது. எஞ்சினோ வேகமாகச் சுழலும். சிலிண்டருக்குள் காற்று போகும் வழி அடைபட்டிருப்பதால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த இடுக்குகள் வழியே ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் மறுபடி காலை வைத்து அழுத்தினால் பின்னால் நீலப் புகை வரும். வயதான பெட்ரோல் வண்டிகள் பலவும் எங்கள் மலையில் இப்படித்தான் புகைவிடும். "மலையில கிலோமீட்டர் பொய் சொல்லும் பாப்பா" என்பார் அப்பா. புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பாகவே அவர் ஆயில் மாற்றுவதற்கு இதுதான் காரணம்.

மாற்றுவதற்குச் சமதளம் வேண்டும். எங்கள் மலையில் சமதளத்துக்குத்தான் பஞ்சம்! பக்கத்தில் இருக்கும் ஒரே சமதளம் காப்பி காயவைக்கும் களம். சிமெண்டு பூசிய அழகான தரை. கார்த்திகை, மார்கழியில் பழம் எடுக்கும் காலம் தவிரக் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் அங்கே ஒரு சொட்டு ஆயில் விழக் கூடாது. காப்பிக்கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே அப்பா வீட்டு முன் சரிவை வெட்டி, ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு மண்ணைச் சமப்படுத்தினார். நடுவில் இடுப்பளவு ஒரு குழி வெட்டிப் பலகை போட்டு மூடிவைத்தார். இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் குழி. ஜாக்கி வைத்த வண்டிக்கு அடியில் அவர் ஒருபோதும் படுத்ததில்லை, என்னையும் விட்டதில்லை. "ஜாக்கி டயர் கழட்டறதுக்கு, ஆள் படுக்கறதுக்கு இல்ல" என்பது அவர் சட்டம்.

பத்தாம் வகுப்பிலிருந்தே நான் அவருக்கு எடுபிடி. முதலில் வண்டியை நாகலூர் வரை ஓட்டிவிட்டு வருவார். சூடான ஆயில் இளகி ஓடும், அடியில் தங்கியிருக்கும் கசடையும் சேர்த்து இழுத்து வரும். பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்குவார். ஸ்பேனரால் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, மிச்சத்தைக் கையால் திருகி, கடைசிப் புரியில் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். கறுப்பாக, நூல் பிடித்தாற்போல் தகர டப்பாவில் ஆயில் விழும். கடைசிச் சொட்டு விழும் வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை அப்பாவுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. பழைய பில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். புதிய பில்டரின் ரப்பரில் கொஞ்சம் புது ஆயில் தடவிக் கையாலேயே முறுக்குவார். நட்டுக்குப் புது வாஷர். பிறகு என் முறை. முன் இருக்கையைத் தூக்கிப் புனல் வைத்து மூன்று லிட்டர் டப்பாவைச் சாய்க்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே, மேல் கோட்டை ஒட்டி நின்றால் சரி.

சென்ற ஆண்டு முதல் அந்த டப்பா வாங்குகிற பொறுப்பும் என்னுடையது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்காக 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விடுதிச் செலவு போக மீதியில் ஆயிலுக்கும் ஒதுக்குவேன். அப்பாவுக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. டப்பாவின் நிறம் பார்த்துத்தான் வாங்குவார். அதில் 20டபிள்யூ-40 என்று போட்டிருப்பது என்ன என்று ஒருமுறை கேட்டார். 'டபிள்யூ' என்றால் குளிர்காலம், முன் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கு, பின் எண் 100 டிகிரி வெப்பத்தில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு என்று விளக்கினேன். 40 என்றால் அந்தச் சூட்டில் 12.5க்கும் 16.3க்கும் இடையே சென்டிஸ்டோக்ஸ் என்றும் சொன்னேன். அவர் பழைய ஆயிலில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்து, விரலை மெல்லப் பிரித்து, "இதுல உன் நாப்பது எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றார். நம் ஆய்வகத்தில் ஆஸ்வால்டு பாகுநிலைமானியும் நிறுத்து கடிகாரமும் வைத்துக்கொண்டு நாம் செய்வதை அவர் இரண்டு விரலால் செய்கிறார். மூன்று முறை செய்து சராசரி எடுப்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆயில் கெட்டியாக நிற்பதற்கு அதில் நீண்ட சங்கிலி போன்ற பாலிமர்கள் சேர்த்திருக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து ஆயிலைத் தாங்கும். பல்சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே நசுங்கி நசுங்கி அந்தச் சங்கிலிகள் அறுந்துபோகின்றன. கரியைக் கட்டியாகவிடாமல் மிதக்க வைக்கும் பொருள்களும் உண்டு. ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: எஞ்சினில் படிய வேண்டிய கரியைத் தன்னிடம் வாங்கிக்கொண்டதால்தான் அது கறுத்தது. எங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் அந்தக் கரியை வாங்கிக்கொண்ட ஆயிலில்தான் தொடங்கியது.

புதிய ஆயில் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பழைய ஆயில் எங்கே போகிறது? அப்பா அதை வேலிக் கால்களுக்கும் மாட்டுக் கொட்டகை மரத்துக்கும் பூசுவார், கரையான் வராது என்று. எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். மீதியைக் குழி ஓரத்து மண்ணில் ஊற்றிவிடுவார். ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழியும். வழிந்த தண்ணீர் சரிவில் இறங்கிக் கீழே உள்ள ஊற்றுப் பக்கம் போகும். அம்மா குடம் வைத்துத் தண்ணீர் எடுப்பது அந்த ஊற்றில்தான்.

முதலில் இதைச் சொன்னவர் அம்மா, நான் அல்ல. "மழை விட்டா ரெண்டு நாளைக்குத் தண்ணி ஒரு மாதிரி வாசம் அடிக்குது" என்று இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவள் சொன்னால் ஆராய்ச்சி, அம்மா சொன்னால் புலம்பல் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம் போலும்.

சென்ற தீபாவளி விடுமுறையில் பேச்சு வந்தது. "இத்தனை வருசமா ஊத்தறேன், ஒரு காப்பிச் செடி செத்திருக்கா? மண்ணு எல்லாத்தையும் தின்னுரும்" என்றார் அப்பா. தேய்ந்த உலோகத் துகளும், எரிபொருளின் மிச்சமும், வளையம் வளையமாகக் கோத்த ஹைட்ரோகார்பன்களும் அதில் இருக்கின்றன, அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று நான் சொன்னேன். ஒரு வண்டியில் ஒருமுறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதுமானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது, அதையும் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. கோபமும் இல்லை. "காலேஜு பேசுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அது வலித்தது. நான் எதை மேலே கட்டிக்கொண்டு பேசினேனோ அந்தக் கல்லூரிக்கு என்னை அனுப்பியது இந்த ஆயில் கைகள்தானே.

மறுநாள் காலை வெள்ளை வட்டிலில் தண்ணீர் எடுத்து வாசலில் வைத்தேன். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, அது அரை ஏக்கர் பரந்ததைப் பார்த்து எழுதியது 1774இல் வெளியானது என்று நமக்குப் பாடத்தில் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் குளம் இல்லை. தென்னங்குச்சி முனையில் பழைய ஆயிலைத் தொட்டுத் தண்ணீரில் வைத்தேன். கண் இமைக்கும் நேரத்தில் வட்டில் முழுவதும் மயில் கழுத்து நிறம் பரவியது. அப்பா வந்து நின்று பார்த்தார். அம்மா எதுவும் பேசாமல் ஊற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். காலை வெயிலில் அதன் மேலும் மெல்லிய வண்ணம் தெரிந்தது, வட்டிலில் இருந்த அளவுக்கு இல்லாவிட்டாலும்.

அப்பா அந்தச் சொம்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஊற்றுக்கு மேலே இருந்த ஏழு வேலிக் கால்களையும் பிடுங்கிப் போட்டார். குழி ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சாக்கில் கட்டினார். இப்போது குடிக்கத் தண்ணீர் ஊராட்சிக் குழாயிலிருந்து வருகிறது. ஊற்றில் இந்த மழைக்கும் கொஞ்சம் வாசம் இருந்தது என்றுதான் அம்மா சொல்கிறார்.

சேர்த்துவைத்த பழைய ஆயிலை எங்கே கொடுப்பது? 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு. நல்ல விதிதான். ஆனால் மூன்று லிட்டருக்காக நாகலூர்ச் சரிவுக்கு யார் வரப் போகிறார்கள்? கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் தகட்டில் பூசக் கேட்டார்கள்; அதுவும் மழையில் மண்ணுக்குத்தான் போகும் என்று அப்பாவே மறுத்துவிட்டார். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள்தான் ஓடுகிறது; மலையில் ஊற்றியது நம் கல்லூரி இருக்கும் ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியில் சேலத்தில் அப்பாவுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் வந்து எடுத்துப் போகும் தம் பீப்பாயில் எங்களுடையதையும் ஊற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

சென்ற மாதம் விடுமுறை முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய நாளில் சவாரிக்காரர்கள் இல்லை. அப்பா ஓட்ட, நானும் ஆயில் டப்பாவுமாக இறங்கினோம். நான்கைந்து வளைவு தாண்டியதும் மூடி ஓரத்தில் லேசாகக் கசிந்தது. அம்மா இட்டலி கட்டிக் கொடுத்த துணியை அவிழ்த்து மூடியைச் சுற்றி இறுக்கி, டப்பாவை இரண்டு பாதங்களுக்கும் இடையே பிடித்துக்கொண்டு அடிவாரம் வரை வந்தேன்.