உறக்கமும் விழிப்பும்

உறங்குவோரை எழுப்புதல் எளிது. எழுந்தவர், தாம் உறங்கிய பொழுதில் உலகம் மாறியிருக்கக்கூடும் என உணர்தலே அரிது. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு கணினியாகும்.

விசைப்பலகை, சுட்டி, பென்டிரைவ் முதலிய துணைக்கருவிகள் யு.எஸ்.பி. என்னும் இணைப்பு வழியே கணினியோடு சேர்கின்றன. 1996ஆம் ஆண்டில் தோன்றிய இம்முறையில் உறக்கத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விழித்திருக்கும் கணினி, கருவிகளுக்கு இடையறாது குறிப்புகளை அனுப்பும். அவை 3 மில்லி நொடி நின்றுவிடின், கணினி துயில்கின்றது என உணர்ந்து கருவியும் துயிலத் தொடங்கும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பின்படி, விழிப்பில் 500 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் பெறும் கருவி, துயிலில் 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் பெறலாகாது. அச்சிறு மின்சாரமே அது தன் நிலை மறவாதிருக்கத் துணை செய்யும்.

மின்சாரம் அறவே நின்றுவிடினோ, கருவி புதிதாய் வந்த விருந்தினரைப் போலத் தன்னை மீண்டும் அறிவித்தல் வேண்டும். உற்பத்தியாளர் எண், வகை எண், வரிசை எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, ‘இது பழைய கருவியே’ எனத் தெளியும் கணினிகளும் உள. ஆனால் எண்கள் அடையாளத்தையே கூறும். இடையில் உள்ளே நிகழ்ந்த மாற்றத்தைக் கூறா.

இதனை அறியாமல் நான் ஓர் இழப்பிற்கு ஆளானேன். என் அன்னையார் சொல்லச் சொல்ல, எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி ஒரு பென்டிரைவில் சேர்த்து வந்தேன். ஒருநாள் கணினியை உறங்க விட்டு, அதனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, அன்னையார் தங்கியிருந்த தமக்கையார் இல்லத்திற்குச் சென்றேன். அங்கிருந்த கணினியில் பத்துப் பக்கங்கள் எழுதினேன். மாலையில் வீடு திரும்பி, பென்டிரைவைப் பழைய இடத்திலேயே செருகி என் கணினியை எழுப்பினேன். அது உறங்குமுன் கண்ட பொருளடக்கத்தையே நம்பியிருந்தது. அப்பழைய அட்டவணையைப் புதியதன்மேல் எழுதிவிட்டது. பத்துப் பக்கங்களும் மறைந்தன.

மறுநாள் வருந்தி நின்ற என்னை நோக்கி அன்னையார், “போனால் போகட்டும் அப்பா, மறுபடியும் சொல்கிறேன், எழுதிக்கொள்” என்றார். அவர் சொன்னார், நான் எழுதினேன். ஆயினும் முன்னாளில் அவர் கூறிய சில பெயர்கள் இரண்டாம் முறை அவர் நினைவிற்கு வரவில்லை.

அன்றுமுதல், கருவியை அகற்றுமுன் அதனை விடுவிக்கும் கட்டளையைத் தவறாது இடுகின்றேன். பிரிந்து மீள்வோரை முகம் கண்டு வரவேற்றால் மட்டும் போதாது. இடையில் நிகழ்ந்தது யாது எனக் கேட்டறிதலும் வேண்டும். இது கருவிகட்கு மட்டுமோ? மனிதர்க்கும் பொருந்தும் அன்றோ!