கடல் கடந்த மல்லிகை

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது நம் முன்னோர் மொழி. அதனை நாங்கள் இளமை முதலே கேட்டு வந்திருக்கிறோம். நல்லோர் நட்பைப் பற்றிய அறிவுரை என்றே கருதியும் வந்தோம். பூவின் மணம் நாரில் எவ்வாறு ஏறுகிறது, ஏறிய மணம் எத்துணைக் காலம் நிற்கும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற சித்திரைத் திங்களில் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களை அவ்வாறு எண்ணச் செய்தது.

நாங்கள் வாழும் பாம்பூஃப்ளாட், அந்தமானின் தலைநகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர். போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்நகரின் சாத்தம் துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் எங்கள் கரையை அடையலாம். எங்கள் அன்னையார் 1967ஆம் ஆண்டில், மணமான புதிதில், சென்னையில் கப்பலேறி இங்கு வந்தார். அவர் கொண்டு வந்த பொருள்களுள் ஒரு பித்தளைக் குடமும் ஒரு பழைய தகர டப்பாவும் இருந்தன. டப்பாவில் இருந்தது மதுரைப் பக்கத்து மண். அதில் வேரூன்றியிருந்தது ஒரு குண்டுமல்லிப் பதியன்.

அன்னையார்க்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. சில ஆண்டுகளாக நினைவு மங்கி வருகிறது. பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைக்கிறார். காலையில் உண்டதை நண்பகலில் மறந்துவிடுகிறார். பெங்களூரில் பணிபுரியும் எங்கள் மகள் சித்திரை விடுமுறைக்கு வந்தபோது, பாட்டிக்கென்று மணமூட்டிய மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி வந்தாள். கண்ணாடிக் குவளையில் வார்த்த அவ்வர்த்தியின்மேல் மல்லிகைப் படம் ஒட்டியிருந்தது. அன்று மாலை மின்சாரம் நின்றபோது அதனை ஏற்றி வைத்தோம். சிறிது நேரத்தில் கூடமெங்கும் மணம் பரவியது. திண்ணையில் இருந்த அன்னையார், "பிச்சிப்பூ யார் வாங்கி வந்தது?" என்று கேட்டார்.

"பிச்சி இல்லை பாட்டி, மல்லிகை" என்றாள் மகள்.

"மல்லி மணம் எனக்குத் தெரியாதா, கண்ணு? இது பிச்சி" என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். இதுவும் மறதியின் விளைவு என்றே எண்ணி வருந்தினோம். பின்னர் இதுபற்றிப் படித்தறிந்தபோதுதான் பிழை எங்களுடையது என்பது விளங்கிற்று. மணப்பொருள் உலகில் 'ஜாஸ்மின்' என்றால் நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வந்தது, நாம் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் வழங்கும் மலரே. தென்பிரான்சில் கிராஸ் என்னும் ஊரைச் சூழ்ந்த தோட்டங்களில் புகழுடன் விளைந்தது அதுவே. 1921ஆம் ஆண்டில் எர்னஸ்ட் போ என்பவர் உருவாக்கிய 'ஷனெல் எண் 5' என்னும் நறுமணத்திற்குச் சிறப்புத் தந்ததும் அதுவே. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வேறோர் இனம். படம் மல்லிகையாயினும் மணம் பிச்சியைத் தழுவியிருத்தல் இயல்பே. பெயர்களை மறந்த அன்னையார் மணத்தை மறக்கவில்லை.

மலரிலிருந்து மணத்தைப் பிரிப்பது எளிய செயலன்று. ரோஜாவை நீரிலிட்டுக் காய்ச்சி வடிக்கலாம். மல்லிகையின் மென்மணமோ அவ்வெப்பத்தில் கெட்டுவிடும். அன்றியும் மல்லிகைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. விடியலில் மொட்டாகப் பறித்த பின்னும் அதன் உயிர்ச்செயல் நிற்பதில்லை. மாலையில் இதழ் விரித்து, இரவு முழுதும் புதிது புதிதாக மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இதனை அறிந்த கிராஸ் ஊரார் கண்ணாடித் தட்டுகளில் விலங்குக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மலர்களைப் பரப்பினர். வாடிய மலரை நாள்தோறும் அகற்றிப் புதுமலர் இட்டு வர, கொழுப்பு மணத்தால் நிறைந்தது. நம் நாட்டில் ஜவுன்பூர், காஸிப்பூர் முதலிய ஊர்களிலோ எள்ளையும் மலரையும் மாறி மாறி அடுக்கி, மணம் ஏறிய எள்ளைச் செக்கிலிட்டு எண்ணெய் ஆட்டினர். பூவோடு சேர்ந்த நார் மணப்பதும் ஏறத்தாழ இவ்வாறே அன்றோ!

இன்று சத்தியமங்கலம், கோவை முதலிய பகுதிகளில் உள்ள ஆலைகள், ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு மல்லிகையின் மணத்தை இறக்குகின்றன. கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகு போன்ற திரள் ஒன்று எஞ்சும். 1000 கிலோ மலருக்கு அது 2 அல்லது 3 கிலோ அளவே தேறும். அதனை எரிசாராயத்தால் கழுவி மணநெய்யைப் பிரித்தெடுத்த பின், மலரின் சொந்த மெழுகு தனியே நிற்கும். அம்மெழுகும் வீணாவதில்லை, மெழுகுவர்த்தி செய்வோர் அதனையும் பயன்படுத்துவர்.

இத்துணை அரிதாகக் கிடைக்கும் மணநெய்யை விளக்கில் இட்டு எரிப்பவர் சிலரே. ஆதலின் கடைகளில் விற்கும் வர்த்திகள் பலவற்றில் இருப்பது, மலரை முகர்ந்தறிந்த ஒருவர் வேதிப்பொருள்களால் தீட்டிய ஓவியமே எனலாம். அவ்வோவியத்தை இகழ்தலும் தகாது. ஐரோப்பியத் தோட்டங்களில் வசந்த காலத்தில் பூக்கும் மியூகே என்னும் வெண்ணிற மணிப்பூ, எம்முறையாலும் பயன்படத்தக்க அளவு மணநெய் தருவதில்லை. எட்மண்ட் ருட்னிட்ஸ்கா என்னும் வல்லுநர் அச்செடியைத் தம் தோட்டத்திலேயே வளர்த்து, அது பூக்குங்கால் அருகிருந்து முகர்ந்து, 1956ஆம் ஆண்டில் 'டியோரிசிமோ' என்னும் நறுமணமாக அதனை மீட்டுத் தந்தார். பாரிஸில் டிப்டிக் என்னும் கடையார் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் மணமெழுகுவர்த்திகளுள் ஒன்று, ஹாதார்ன் என்னும் முட்செடியின் வசந்தப் பூவைத் தழுவியது. பூ தர மறுத்ததை மனிதரின் நினைவு தந்தது.

இவற்றையெல்லாம் மகளோடு பேசிக்கொண்டிருந்த மறுநாள், எங்கள் முற்றத்துச் செடியிலிருந்து மொட்டுகளைப் பறித்து வைத்திருந்து, மாலையில் அவை விரியும் வேளையில் அன்னையாரின் உள்ளங்கையில் இட்டோம். அவர் நெடுநேரம் முகர்ந்தார்.

"இது மல்லி. கப்பலில் வந்தது" என்றார்.

பின்பு, நாங்கள் ஒருபோதும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். மூன்று நாள் பயணத்தில் குடிப்பதற்கு அளந்துதான் நீர் தந்தனராம். தம் பங்கில் பாதியைச் செடிக்கு ஊற்றினாராம். அதனை அறிந்த எங்கள் தந்தையார் ஒன்றும் கூறாமல் தம் பங்கில் பாதியை அன்னையார்க்குக் கொடுத்தாராம். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பற்றி இதனை அறியாமலேயே நாங்கள் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம்.

உண்மையில், முற்றத்தில் இன்று நிற்பது அன்று நட்ட அதே செடியன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் கரையோர நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. கழியை ஒட்டியிருந்த எங்கள் பழைய தோட்டத்தில் கடல்நீர் புகுந்து தேங்கியது. உப்பேறிய மண்ணில் மல்லிகை சில நாள்களிலேயே கருகிற்று. அன்னையார் அன்று அழுத அழுகையை நாங்கள் மறக்கவில்லை. ஆனால், அவர் பல ஆண்டுகளுக்கு முன்பு, மேட்டுப்பகுதியில் வாழும் வங்காளிக் குடும்பத்தார்க்கு ஒரு பதியன் கொடுத்திருந்தார். அவர்கள் அதனைப் 'பேலி' என்று அழைத்து, நாள்தோறும் பூசைக்குப் பறித்து வந்தனர். நாங்கள் இடம் மாறி மேட்டில் வீடு கட்டியதும், அவ்வீட்டு அம்மையார் ஒரு பதியனைத் தம் கையாலேயே கொண்டு வந்து முற்றத்தில் நட்டுச் சென்றார். கொடுத்திராவிடின் இழந்திருப்போம்.

புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்களில் இத்தகைய செடிகள் பல இருக்கும். வீட்டில் முதியவர் இருப்பின், அவர் கொண்டு வந்த பூ எது என்று கேட்டு, அதனை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். செடி இருந்தால் ஒரு பதியன் போட்டு அண்டை வீட்டார்க்கும் கொடுங்கள். மெழுகுவர்த்தியையும் நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. அது இல்லாதிருந்தால் அன்னையார் வாய் திறந்திருக்கமாட்டார்.

விடுமுறை முடிந்து புறப்பட்டபோது, மகள் பாட்டியின் பழைய டப்பாவைக் கேட்டாள். அது என்றோ துருப்பிடித்து அழிந்துபோயிற்று. ஒரு பால்மாவு டப்பாவின் அடியில் துளையிட்டு, பாம்பூஃப்ளாட் மண்ணை நிரப்பி, வேர்விட்ட பதியன் ஒன்றை வைத்துக் கொடுத்தோம். இப்போது அது பெங்களூரில், நான்காம் மாடியின் வெயில் படும் ஓரிடத்தில் இருக்கிறது. மகள் தொலைபேசியில் அழைக்கும்போது அன்னையார் சில நாள் அவள் பெயரைத் தவறவிடுகிறார். ஆயினும் முதலில் கேட்பது மட்டும் மாறுவதில்லை.

"செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா?"