பச்சைக் காருக்கு என்ன ஆச்சு?

போன மாதம் 1994 பேட்ச் பிள்ளைகள் ஒன்றுகூடியபோது எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "சார், ஆட்டோவிலயா வந்தீங்க? பச்சைக் காரை வித்துட்டீங்களா?"

விற்கவில்லை. எட்டு மாதம் ஷெட்டில் நின்றது. போன வெள்ளிக்கிழமைதான் மறுபடி ரோட்டில் இறங்கியது. நடுவில் நடந்ததைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அதில் உங்கள் வாத்தியார் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது. "இதையெல்லாம் ஊரறிய எழுதணுமா?" என்று என் மனைவி கேட்டாள். எழுதிவிடுகிறேன்.

காரைத் தெரியாத இளைய உறவுகளுக்காக: அது 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி. நம் வண்டலூரில் தயாரானது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த காரை இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். 1989-ல் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டர் குடும்பத்திடம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மாருதி வாங்கக் காத்திருந்த காலம். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா. இதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே வேறு உடம்பு வைத்து, 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் காரை விட்டார்கள். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி. ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. இந்த உறவு பின்னால் எனக்கு எப்படி உதவியது என்று சொல்கிறேன்.

பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்மூஞ்சியே முன்பக்கமாக மடங்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்புக்கு வெப்ப எஞ்சின் பாடம் வந்தால் காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி அப்படியே திறந்துவிடுவேன். 1-3-4-2 என்று சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை உங்களில் பாதிப் பேர் இன்னும் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்.

முப்பது வருடம் அந்தக் காரை ஒரே மெக்கானிக்தான் பார்த்தார். உக்கடத்துப் பாய். ஒவ்வொரு முறையும் முன் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, ஒரு பழைய பித்தளை கன்னால் எதையோ அடிப்பார். நான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பேனே தவிர அது என்ன என்று கேட்டதில்லை. 2019-ல் அவர் இறந்துபோனார். பிறகு வேறொரு பட்டறை. அங்கே ஒரு பையன் அதே இடத்தில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினான். கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, கிரீஸ் போடுகிறான், சரிதானே என்று நானும் நின்று பார்த்தேன்.

அங்கே கிரீஸ் போடக் கூடாது. எண்ணெய் போட வேண்டும். கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 நம்பர் எண்ணெய்.

காரணம் எளிது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் துண்டுக்கு வெர்ட்டிகல் லிங்க் என்று பெயர். அதன் கீழ்முனையில் திருகு மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்ற பித்தளை நிறத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு அந்த மரைக்குள்ளேயே சுற்றும். எண்ணெய் என்றால் மரை நெடுகிலும் இறங்கும். கிரீஸ் மேலேயே கட்டியாக நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும், துருப்பிடித்த இடத்தில் விரிசல் விடும். ஸ்பிட்ஃபயரிலும் இதே அமைப்புதான். லோட்டஸ் எலானில்கூட ட்ரையம்ஃபின் இந்தத் துண்டைத்தான் போட்டார்கள். கம்பெனியின் ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் எண்ணெய் என்றுதான் இருக்கிறது. அந்தப் புத்தகம் 1989-லிருந்து என் அலமாரியில் இருக்கிறது. "செய்முறைக்கு முன் கையேட்டைப் படி" என்று லேப் சுவரில் எழுதி வைத்தவன் நான்.

போன கார்த்திகையில் ஒரு நாள், பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் பக்கம் மச்சினன் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துப் பாதையில் திரும்பும்போது வேகம் பதினைந்துகூட இருக்காது. "டக்" என்று ஒரு சத்தம். இடது முன் சக்கரம் நொண்டிக் கோழியின் கால் மாதிரி உள்ளே மடங்கியது. கார் சாய்ந்து இழுத்துக்கொண்டு போய்ச் சின்னப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதி நின்றது. பேரன் நெற்றி டேஷ்போர்டில் இடித்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. வேறொன்றும் இல்லை. அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

இப்போது பொய்க்கு வருகிறேன். அன்று சாயங்காலம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். "குழியில இறங்கி சக்கரம் முறிஞ்சு போச்சும்மா" என்றேன். பாதையில் குழி எதுவும் இல்லை. பொருள் தேய்ந்தோ துருப்பிடித்தோ தானாக முறிந்தால் அந்தத் துண்டுக்குப் பணம் கிடையாது என்று பாலிசியில் படித்திருந்தேன். ஒர்க்‌ஷாப் புத்தகத்தைப் படிக்காதவன் அதை மட்டும் கவனமாகப் படித்திருக்கிறேன், பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து சர்வேயர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால், என் மாணவன். 1998 பேட்ச். பெயர் போடவில்லை, இதைப் படித்துக்கொண்டிருப்பான். காலைத் தொட்டு வணங்கிவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"சார், குழியில விழுந்து அன்னிக்கே முறிஞ்சிருந்தா முறிஞ்ச இடம் முழுக்கப் பளபளன்னு இருக்கணுங்க. இதுல முக்கால்வாசி கறுத்துத் துருப்பிடிச்சிருக்குது. கால்வாசிதான் புதுசு. ரொம்ப நாளைக்கு முன்னாடியே விரிசல் விட்டிருக்குதுங்க. நீங்கதானுங்களே சார், கம்பியை மடக்கி மடக்கி ஒடிச்சுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தீங்க."

குற்றம் சொல்லும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "என்னன்னு எழுதட்டுங்க சார்?" என்று கேட்டான்.

"நீ பார்த்ததை எழுதுப்பா. குழி எதுவும் இல்லை" என்றேன்.

அவன் நோட்டை மூடி வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கணக்குப் பாடம் எடுத்தான். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பு என்பது கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்வது. ஒவ்வொரு வருடமும் ஏஜென்ட் கேட்கும்போது, பிரீமியம் சில நூறு குறையுமே என்று நான் "நாற்பதாயிரமே போதும்" என்று சொல்லிவந்தேன். இப்போது டிங்கரிங், பெயின்ட், உதிரி பாகம் எல்லாம் சேர்த்துப் பட்டறைக்காரர் கொடுத்த எஸ்டிமேட் 34,000. ரிப்பேர் செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. நாற்பதாயிரத்தில் முக்கால் பங்கு முப்பதாயிரம். ஆக, கார் முழு நஷ்டக் கணக்கில் போய்விடும். மதிப்புத் தொகையைக் கொடுத்துவிட்டு வண்டியைப் பழைய இரும்பாக எடுத்துக்கொள்வார்கள், இல்லையேல் இரும்பு விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். டோட்டல் லாஸ் ஆகாமல் போயிருந்தாலும், பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோக பாகங்களுக்குப் பாதி விலைதான்.

என் பொய் எடுபட்டிருந்தால் நாற்பதாயிரத்துக்கு ஹெரால்டை உக்கடத்துக்கே அனுப்பியிருப்பேன். கிளெய்மைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ரிப்பேருக்கு ஸ்பிட்ஃபயர் தங்கச்சி கைகொடுத்தாள். இங்கிலாந்தில் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. லீட்ஸில் இருக்கும் என் அக்கா மகள் தை மாதம் வந்தபோது இரண்டு பக்கத்துக்குமான வெர்ட்டிகல் லிங்கைப் பட்டுப்புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, "இது என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "மாமாவோட கால்" என்றாளாம். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் மீதி புஷ்களைக் கடைந்து கொடுத்தார். இடது பக்கம் ஒரு திசை மரை, வலது பக்கம் அதற்கு எதிர்த்திசை மரை என்பதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான்" என்றார். முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் போட்டாயிற்று. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய் இளகிவிடும். அதையும் மாற்றியாயிற்று.

'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளுங்கள் சார், இன்ஷூரன்ஸ் பாதிதான் என்று சிலர் சொல்கிறீர்கள். உண்மைதான். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-லிருந்து அந்த வசதி உண்டு. பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காருக்கு 2022 அறிவிப்புப்படி தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். வின்டேஜ் என்றால் 1,047. ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வழக்கமாக ஓட்டக் கூடாது. என் மனைவிக்கு முட்டி வலி. வியாழக்கிழமை தோறும் காய்கறி வாங்க அந்தக் காரில்தான் வருவாள். கதவு அகலம், சீட் தாழ்வு, ஏறி இறங்க சுகம் என்பாள். மிச்சமாகும் ஆயிரத்து நாற்பத்தேழு ரூபாய்க்கு அவளைக் கண்காட்சிக்கா கூட்டிக்கொண்டு போவது? சாதாரணக் காராகவே இருக்கட்டும். மதிப்பை மட்டும் இந்த முறை மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி, படங்களோடு கொடுத்து, மூன்று லட்சம் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். பிரீமியம் ஏறித்தான் விட்டது.

பாயின் மகனைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, பரணிலிருந்து அந்தப் பித்தளை கன்னை இறக்கிக் கொடுத்தார். "அத்தாவோடதுங்க வாத்தியாரே, நீங்களே வெச்சுக்குங்க. இதுல கிரீஸ் மட்டும் போட்றாதீங்க."

புத்தகத்தில் 6,000 மைலுக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறது. நான் மைல் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். அடுத்தது தீபாவளி முடிந்த ஞாயிறு, காலை ஏழு மணி. வருகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும். டிபன் உண்டு.