ஈயத்தில் ஒரு பந்தயக் கார்

ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று நம் வாசகிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புளித் தண்ணீரை ஊற்ற மறந்து, வாசலில் கீரைக்காரியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் சொம்பு உருகி, அடுப்பெல்லாம் வெள்ளித் துளிகளாய் உருண்டோடியிருக்கும். சுத்தமான வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காரீயத்தையும் அதனுடன் கலந்தாலோ, 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி உலோகத்தில் உலகத்தின் மகா வேகமான பந்தயக் கார்களை வார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஓடுகிற கார் அல்ல, பார்த்துக்கொண்டிருக்கிற கார்! நிஜக் காரின் நீளத்தில் 43-இல் ஒரு பங்கு. நான்கு மீட்டர் கார் ஒன்பது சென்டிமீட்டராகச் சுருங்கி உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். அதென்ன 43 என்று கணக்குப் பிசகுகிறதே என்பீர்கள். இங்கிலாந்தில் பொம்மை ரயில் பண்ணினவர்கள் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று அளவு வைத்தார்கள். 1930-களில் லிவர்பூலிலிருந்து வெளிவந்த டிங்கி பொம்மைக் கார்கள் அந்த ரயிலுக்குப் பக்கத்தில் நிற்பதற்காகப் பிறந்தவை. ரயிலின் அளவு காருக்கும் ஒட்டிக்கொண்டது.

டிங்கி கார் முழுதாகவே கடையில் கிடைக்கும். நான் சொல்லுகிற கார் துண்டு துண்டாகத்தான் வரும். அட்டைப் பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் உலோகத் துண்டுகள், கடைந்தெடுத்த சக்கரங்கள், தாளைப் போல மெல்லிய தகட்டில் வெட்டிய இருக்கைப் பட்டைகள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சித்திரத் தாள், படம் போட்ட ஒரு குறிப்புக் காகிதம். இத்தாலியில் டாமியோ என்றொரு நிறுவனம் இதற்குப் பேர்போனது. பெட்டியின் விலை எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் ஒரு மாமியாருக்கும் தெரிந்துவிடும்.

அந்த மாமியார் இருப்பது லப்பைக்குடிக்காட்டில். வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடி, தென்கரையில் இந்த ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம், இந்தப் பக்கம் பெரம்பலூர் மாவட்டம். சுற்றுவட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் பார்க்கலாம். ஊருக்குள் போனால் மாடி வீடுகளாக இருக்கின்றன. மாடியைக் கட்டினவர்களில் பலர் மட்டும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். கல்லூரி விடுதியில் என்னுடன் ஒரே அறையில் இருந்த சினேகிதி இந்த ஊருக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர் துபாயில் வேலையாயிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 45 நாள் விடுப்பு.

அவருக்குப் பந்தயக் கார்ப் பைத்தியம் பிடித்த வருஷம் 2005. அப்போது அவர் கல்யாணமாகாத பையன். ஓர் அறையில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் ஒரே டெலிவிஷன். அந்த வருஷம்தான் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் குழுவின் மஞ்சள் காரில் ஏறி, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயம். டயர் சந்தேகத்தினால் இருபது கார்களில் பதினான்கு விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. நரேன் நாலாவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ‘ஆறு பேரில் நாலாவதா!’ என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஓர் இந்தியருக்குப் புள்ளி கிடைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த அறையில் எட்டுப் பேரும் எழுந்து கூத்தாடினார்களாம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் வருஷக்கணக்காகப் பந்தயம் நடந்தது. 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே போட்டுவிட்டது. கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி காரின் எஞ்சினை வைத்துச் சின்னப் பந்தயக் கார்கள் பண்ணி, எத்தனையோ இளைஞர்களை ஓட்டவைத்தார்.

சென்ற விடுப்புக்கு வரும்போது கணவர் நரேனின் மஞ்சள் காரைத் தேடியிருக்கிறார். அகப்படவில்லை. அகப்பட்டது லோட்டஸ் 49. இதுவும் லேசுப்பட்டதல்ல. 1967 ஜூனில் ஹாலந்து தேசத்து ஸாண்ட்வோர்ட் மைதானத்தில் முதன்முதலாக இறங்கி, இறங்கிய அன்றே ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தேடிக் கொடுத்த கார். மற்றக் கார்களில் சட்டம் எஞ்சினைச் சுமக்கும். இதில் எஞ்சினே சட்டம். முன்பாதி உடலின் முதுகில் எஞ்சினைத் திருகி, பின்சக்கரங்களின் சுமையை அந்த எஞ்சினிலேயே ஏற்றிவிட்டார் அதை உருவாக்கிய காலின் சாப்மன். குடும்பத்தைத் தாங்குகிறவளே சமையலையும் பார்ப்பது போல என்று என் சினேகிதி இதற்கு வியாக்கியானம் செய்தாள்.

“நானும் நீயும் சேர்ந்து செய்வோம்” என்று பன்னிரண்டு வயது மகனிடம் பெட்டியைக் கொடுத்தார் அவர். ஆனால் விடுப்பு என்பது யாருக்குச் சொந்தம்? முதல் வாரம் உறவினர் வருகை. பிறகு இரண்டு கல்யாணம், ஒரு பத்திரப் பதிவு, மாடிக்குக் கைப்பிடிச் சுவர். இரவு பத்து மணிக்குமேல்தான் அப்பாவும் பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறக்க முடிந்தது.

முதல் வேலை பிசிறு எடுப்பது. ரப்பர் அச்சைச் சுழற்றி, உருகிய உலோகத்தை அதற்குள் செலுத்துகிறார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் மெல்லிய இதழ் போல உலோகம் துருத்திக்கொண்டிருக்கும். சுவாமிமலையில் ஒரு விக்கிரகத்துக்கு ஓர் அச்சு, உடைத்தெறிந்துவிடுவார்கள். இங்கே அதே அச்சில் பல கார்கள் பிறப்பதால் பிசிறும் கூடவே பிறக்கிறது. சின்ன அரத்தால் ராவ வேண்டும். அப்பா ராவ, பிள்ளை ஊத, மேஜையெல்லாம் சாம்பல் தூள்.

அப்போதுதான் மாமியார் எழுந்து வந்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார்.

“இது ஈயம்ல? பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவரு வந்தா உன்னைத் திண்ணையிலே உக்காரவிட மாட்டேனே, மறந்துட்டியா? சோறு திங்கிற எடத்துலயா இதை ராவுறது?”

பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதிக்காத அந்த அம்மாள் சொன்னது முழுக்க நியாயம். பழைய பெட்டிகளின் உலோகத்தில் காரீயம் உண்டு. புதியவற்றில் பல காரீயம் கலக்காதவை என்றாலும், எது எது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. காரீயத் தூள் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். மறுநாளிலிருந்து மேஜை மொட்டைமாடிக்குப் போயிற்று. தூள் பறக்காதபடி தண்ணீரில் நனைத்து ராவினார்கள். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் படுக்கை. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வேலையில் இறங்கினால் இந்தச் சட்டத்தை மட்டும் தளர்த்தாதீர்கள்.

பிறகு சின்னச் சின்னக் குழிகளுக்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, பிரைமர் அடிக்கவேண்டும். எஞ்சினைத் தனியாக ஒட்டினார்கள். எட்டு சிலிண்டர், எட்டுக்கும் நாகஸ்வரத்தின் வாய் போல மலர்ந்த குட்டிக் குழல்கள், அரிசியில் பாதி இருக்கும். ஒன்று தரையில் விழுந்தால் வீடே மண்டியிட்டுத் தேடும். பற்றவைக்கும் இரும்பை இதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது; சொம்புக்கு நேர்ந்த கதிதான். அரால்டைட் பசையைக் குழைத்துத் தடவி, ஓர் இரவு தொடாமல் இருக்கவேண்டும்.

தொடாமல் இருப்பதுதான் இந்தக் கலையில் பாதி. விடுப்பில் வந்த மனிதருக்கோ அது ஒன்றுதான் முடியாது. விமானத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது கார் இன்னும் சாம்பல் நிறத்தில் நின்றது. பச்சை நிறத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டுமென்று அவருக்கு ஆசை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். பிரைமர் சரியாகக் காயவில்லை. ஒரே மூச்சில் கனமாக ஸ்பிரே அடித்துவிட்டார். விடிந்து பார்த்தால் வண்ணம் வழிந்து, வயோதிகரின் கன்னம் போலச் சுருங்கிக் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, திருச்சியில் விமானம் ஏறினார்.

பையன் பெட்டியைத் திறக்க மறுத்துவிட்டான். அத்தா வந்த பிறகுதான் என்றான்.

“காரு காத்திருக்கும்டா. நீ காத்திருப்பியா? அடுத்த தடவை அத்தா வரும்போது உனக்கு மீசை அரும்பிடும். அப்ப இதுல உக்காருவியா?” என்றாள் தாய்.

அவள் ரசாயனம் படித்தவள். பிளாஸ்டிக் காராக இருந்தால் வண்ணத்தைக் கரைக்கப் போய்க் காரே கரைந்துவிடும். உலோகத்துக்கு அந்தப் பயமில்லை. தின்னரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால், அச்சிலிருந்து வந்த நாளைப் போல வெறும் உடம்பாகிவிடும். மொட்டைமாடியில், கையுறை போட்டுக்கொண்டு, அவள் ஆயத்தமானாள். பையன் குறுக்கே வந்து நின்றுவிட்டான்.

“அத்தா அடிச்ச பெயிண்டை அழிக்காதீங்கம்மா.”

அதைக் கேட்ட பிறகு தனக்குக் கை ஓடவில்லை என்றாள் என்னிடம். அன்று இரவு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது விஷயத்தைக் கணவரிடமே விட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, “அது நான் அவசரத்துல அடிச்சதுடா. அழிச்சுட்டு நிதானமா நீ அடி. தினமும் எனக்குக் காட்டு” என்றார். பையன் அரை மனதாக ஒப்புக்கொண்டான். ஒரு நிபந்தனையின்மேல்: காரின் அடிவயிற்றை மட்டும் தொடக் கூடாது. அங்கே அத்தாவின் பச்சை சுருக்கத்தோடு அப்படியே இருக்கவேண்டும். கரைசலில் முக்காமல், மேற்புறத்தை மட்டும் பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுக்க அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நான்கு நாள் பிடித்தது.

இரண்டாம் தடவை வெயில் காய்ந்த நாளாகப் பார்த்து, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பின் ஒன்று. புழுதி ஒட்டாமலிருக்க, மாமியாரின் பிரியாணி தேக்சாவைக் கவிழ்த்து மூடினாள். நெடுக ஓடும் மஞ்சள் பட்டையும் எண்களும் தண்ணீரில் ஊறி வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. தினமும் இரவு துபாயிலிருந்து ஒரு முகம் காரைப் பார்த்தது. “இடது பக்கம் கொஞ்சம் தூக்குடா” என்று உத்தரவு வேறு. 45 நாளில் பேசாத பேச்சையெல்லாம் இந்த ஒன்பது சென்டிமீட்டர் காரை வைத்துப் பேசித் தீர்த்தார்கள் என்று என் சினேகிதி சொன்னாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

நான் போயிருந்தபோது மேற்பூச்சு வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. பையன் தேக்சாவை இரண்டு விரற்கடை மட்டும் தூக்கிக் காட்டினான். குனிந்து பார்த்தேன், இருட்டுக்குள் பச்சையாய் ஏதோ பளபளத்தது. அவ்வளவுதான், மூடிவிட்டான். அடிவயிற்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, “ஒரு வாரம் தொடக் கூடாது ஆன்ட்டி” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

மாமியார் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். கவிழ்ந்து கிடந்த தன் பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“வேணாம், அதை அவனே வச்சுக்கட்டும். இனிமே அதுல நான் சோறு ஆக்கப் போறதில்லே. மவன் வரும்போது புதுசா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லியிருக்கேன், பெரிசா” என்றார்.