புல்வெளியும் செல்வமே

நீலகிரியின் உச்சியில் நிற்போர்க்குப் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் மாறிமாறித் தோன்றும். உறைபனி கருக்கும் மேட்டில் சோலை மரக்கன்று பிழைத்தல் அரிது, புல் பிழைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக நிலவும் அப்புல்வெளி, பாறையைப் பற்றும் குளம்புடைய வரையாட்டிற்குத் தாயகம். தோடர்தம் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிக்கு இருப்பிடம்.

19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர், மரமில்லா நிலத்தைப் பாழ்நிலம் எனக் கருதினர். ஆத்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைலமரமும் கொணர்ந்து நட்டனர். விடுதலைக்குப் பின்னும் நடவு தொடர்ந்தது. சீகையோ தானே பரவிப் புல்லை மூடிற்று. மழைநீரைத் தேக்கி ஓடைக்கு மெல்ல அளித்த நிலம் சுருங்கிற்று.

வரையாட்டைக் காக்கத் தமிழக அரசு 2023இல் தனித்திட்டம் தொடங்கிற்று. புல்வெளியை மீட்டலும் அதில் அடங்கும். மரம் நடுதல் நன்று; நிலத்தின் இயல்பறிந்து நடுதல் அதனினும் நன்று.