போர்க்கப்பலின் ஜன்னல்கள்

பாய்மரப் போர்க்கப்பல் என்றதும் சினிமாவில் பார்த்த காட்சிதான் நினைவுக்கு வரும். கப்பலின் பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல்கள் திறக்கும், பீரங்கிகள் எட்டிப் பார்க்கும், எல்லாம் சேர்ந்து முழங்கும். அந்தக் கப்பல்களுக்குப் பலம் கொடுத்தது அந்த ஜன்னல்கள்தான். சில கப்பல்களை மூழ்கடித்ததும் அவையேதான்.

அதற்கு முன்பு ஐரோப்பாவில் கடல் சண்டை என்பது ஏறக்குறைய தரைச் சண்டை போலத்தான். கப்பலின் முன்னும் பின்னும் மரக்கோட்டை மாதிரி மேடை கட்டி, அதில் வில்லாளிகள் நிற்பார்கள். எதிரிக் கப்பலை நெருங்கி, அதில் தாவி ஏறிச் சண்டை போடுவார்கள். பிறகு பீரங்கி வந்தது. சிறிய பீரங்கியை மேல்தளத்தில் வைக்கலாம். டன் கணக்கில் எடையுள்ள பெரிய பீரங்கியை மேலே வைத்தால் கப்பல் கவிழ்ந்துவிடும். கீழ்த்தளத்தில் வைத்தால் சுடுவதற்கு வழி வேண்டும். அதனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலின் பக்கத்தில் துளை போட்டு, அதற்கு மூடியும் வைத்தார்கள்.

துளை தண்ணீருக்கு அருகில் இருந்தால் என்ன ஆகும்? 1545 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே, பிரெஞ்சுப் படையை எதிர்த்துச் சென்ற 'மேரி ரோஸ்' ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திறந்திருந்த ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. கரையில் மன்னர் எட்டாம் ஹென்றி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் மூழ்கியது. ஏன் சாய்ந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தண்ணீர் வந்த வழியில் சந்தேகம் இல்லை.

அடுத்தது ஸ்வீடனின் 'வாசா'. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள். புறப்படும் முன் ஒரு சோதனை நடந்தது. 30 பேர் தளத்தின் குறுக்கே இங்கும் அங்கும் சேர்ந்து ஓடினார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் பயங்கரமாக ஆட, சோதனையை நிறுத்திவிட்டார்கள். அடியில் இன்னும் கல் ஏற்றினால் கீழ் ஜன்னல்கள் தண்ணீரை மிகவும் நெருங்கிவிடும். மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் போர்க்களத்திலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கிளம்பிய கப்பல், சுமார் 1300 மீட்டர் தூரம் போய், லேசான காற்றில் சாய்ந்து மூழ்கியது. விசாரணை நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. அளவுகளுக்கு ஒப்புதல் தந்ததே மன்னர்தான்!

பின்னர் கப்பல் கட்டுபவர்கள் பாடம் கற்றார்கள். கீழ் ஜன்னல்களை உயர்த்தினார்கள். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று, பக்கவாட்டுப் பீரங்கிகளால் சுடும் முறை 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1765இல் கடலில் இறங்கிய 'விக்டரி'யைக் கட்ட சுமார் 6000 மரங்கள் தேவைப்பட்டன.

இந்தக் கப்பல்கள் எவ்வளவு உறுதியானவை என்பதற்குச் சாட்சி நம் கடலிலேயே இருக்கிறது. 1782-83இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் அருகேயெல்லாம் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மொத்தம் ஐந்து முறை மோதினார்கள். வரிசையில் நின்ற பெரிய கப்பல்களில் ஒன்றைக்கூட எதிரியால் மூழ்கடிக்க முடியவில்லை.

ஆனால் அதே 1782இல், ஆகஸ்ட் 29 அன்று, 100 பீரங்கிகள் கொண்ட 'ராயல் ஜார்ஜ்' போர்ட்ஸ்மவுத் அருகே எதிரியே இல்லாமல் மூழ்கியது. பழுது பார்ப்பதற்காகக் கப்பலை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்திருந்தார்கள். ஜன்னல் வழியே தண்ணீர் வருகிறது என்று தச்சர் இரண்டு முறை போய்ச் சொன்னதாகவும், அதிகாரி கேட்கவில்லை என்றும் உயிர் பிழைத்த மாலுமி ஒருவர் கூறினார். 800 பேருக்கு மேல் இறந்தார்கள். மாலுமிகளைப் பார்க்க வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம்.

1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்யர்களின் வெடிகுண்டுகள் துருக்கிய மரக்கப்பல்களை எரித்தன. 1859இல் பிரான்ஸ் இரும்புக் கவசம் பூட்டிய 'குளோயர்' கப்பலைக் கடலில் இறக்கியது. மரக்கப்பல்களின் காலம் அத்துடன் முடிந்தது.

1961இல் கடலுக்கு அடியிலிருந்து தூக்கப்பட்ட வாசாவை ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதன் ஜன்னல் மூடிகளின் உள்பக்கத்தில் சிங்க முகங்கள் செதுக்கியிருக்கும். மூடியைத் திறந்தால் எதிரி பயப்பட வேண்டும் என்பதற்காக. அந்தச் சிங்கங்களைக் கண்டு எந்த எதிரியும் பயப்படவில்லை. பயந்தவர்கள் தளத்தில் ஓடிப் பார்த்த அந்த 30 பேர்தான். அந்தப் பயத்தை மன்னரிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.