கவுதாரியும் கிளுவை வேலியும்

பென்சில்வேனியாவில் இருக்கும் என் தம்பி மகன் போன வருஷம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா தன் பேரனை வான்கோழி வேட்டைக்குக் கூட்டிப்போகிறபோது எடுத்தது. இலை தழை வண்ணத்தில் சட்டை போட்ட சின்னப் பையன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், முன்னால் ஒரு பெரிய சேவல் வான்கோழி கிடக்கிறது. அங்கே வசந்த காலத்தில் பெட்டைபோலக் குரல் கொடுத்து, இணை தேடி வரும் சேவலைச் சுடுவார்களாம். பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்கென்று ஓரிரு நாள் ஒதுக்கியும் கொடுக்கிறார்கள்.

இந்தப் படத்தை என் மகள் வயிற்றுப் பேத்தி பார்த்துவிட்டாள். ஏழு வயது. "அப்பச்சி, நாம எப்போ வேட்டைக்குப் போறது?" என்று பிடித்துக்கொண்டாள். (நான் பிறந்து வளர்ந்த பாண்டிச்சேரியில் தாத்தாதான். பெண் எடுத்தது காங்கேயம் பக்கம் என்பதால் இங்கே அப்பச்சி ஆகிவிட்டேன்.) வான்கோழிக்குப் பிரெஞ்சில் 'தேந்த்' என்று பெயர், அதாவது 'இந்தியாவிலிருந்து வந்தது'. அமெரிக்காவை இந்தியா என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இது ஒரு நிரந்தரச் சிரிப்பு. இந்தியாவில் காட்டு வான்கோழி ஏது? எங்களுக்கு வாய்த்தது கவுதாரி.

முதலில் அவளுக்குச் சட்டத்தைச் சொன்னேன். ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதிய கை, வேறெங்கே ஆரம்பிக்கும்? 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் கவுதாரி போன்ற சிறு பறவைகளை உரிமம் வாங்கிப் பிடிக்க வழி இருந்தது. 1991ல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் கதவையும் சாத்தினார்கள். ஆகவே வேட்டை கிடையாது, பார்க்கத்தான் போகலாம் என்றேன். அவள் முகம் விழுந்தது. "உங்கம்மா போயிருக்கா" என்று வாய் தவறிச் சொன்னேன். அவ்வளவுதான், முழுக் கதையும் சொல்லியாக வேண்டியதாயிற்று.

என் மாமனாரிடம் ஒரு ஆண் கவுதாரி இருந்தது. குஞ்சிலிருந்து வளர்த்தது. பழைய பானையில் சாணமும் வைக்கோலும் அடைத்துக் காட்டில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிப் போட்டு வளர்த்தார். இப்படிப் பழக்கி, மற்றதைப் பிடிக்க வைக்கிற பறவைக்கோ மானுக்கோ பழைய தமிழில் 'பார்வை' என்று பெயர். புறநானூற்றில்கூடப் பார்வை மான் வருகிறது. மாமனார் புறநானூறு படித்தவரில்லை. ஆனால் அந்த வேலையை அச்சுப் பிசகாமல் செய்தார்.

உரிமம் எல்லாம் அவர் வாங்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாசி, பங்குனியில் விடியுமுன்னே கூண்டைத் துணியால் மூடிக் கொறங்காட்டுக்குத் தூக்கிப் போவார். கொறங்காடு என்பது கோயமுத்தூர் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மழை குறைந்த அந்தப் பக்கத்தில் ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. கூண்டை வேலியோரம் வைத்து, துணியை எடுத்து, சுற்றிலும் முளைக்குச்சியடித்துக் கண்ணி கட்டுவார். முன்பு குதிரைவால் முடி, நான் பார்த்தபோது நைலான் நரம்பு. கூண்டுக்காரன் கத்துவான். 'என் எல்லையில் எவன்டா?' என்று அந்த இடத்துச் சேவல் சண்டைக்கு ஓடிவரும். கால் கண்ணியில் மாட்டும்.

1988ல் என் மகளுக்கு ஆறு வயது. "மாப்ள, அம்முணியக் கூட்டிட்டு வாங்க" என்றார். மூவரும் வெள்வேல மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். "பேசப்படாது சாமி, கொசு கடிச்சாலும் தட்டப்படாது" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். வீட்டில் அரை நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த மார்செல் பஞோலின் புத்தகம் ஞாபகம் வந்தது. 1957ல் வெளிவந்த 'என் அப்பாவின் பெருமை'. அதில் வேட்டைக்குச் சேர்த்துக்கொள்ளாத சிறுவன் திருட்டுத்தனமாகப் பின்னாலேயே போவான். அப்பா சுட்டு வீழ்த்துவதும் கவுதாரிக்கு ஒன்றுவிட்ட சொந்தமான பறவைகள்தான். ப்ரோவான்ஸ் மலையும் காங்கேயத்துப் புல்வெளியும் எங்கே எங்கேயோ. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் முகம் ஒன்றுதான்.

அன்று ஒன்று மாட்டியது. மாமனார் கண்ணியைக் கழற்றிப் பறவையை அவள் கையில் கொடுத்தார். நெஞ்சு படபடவென்று அடிப்பதைச் சொன்னாள். பிறகு கூண்டைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் ஏன் தப்பிச்சுக்குது?" என்று கேட்டாள். "அது நம்ம ஆளு சாமி" என்றார். அவள் திருப்திப்படவில்லை, ஆனால் ராத்திரி குழம்பைச் சாப்பிட்டாள். மூன்று நான்கு வருஷத்தில் ஒரு பூனை கூண்டுக் கவுதாரியைக் கொண்டுபோயிற்று. அதோடு வேட்டை நின்றது. 1991ன் திருத்தம் மாமனார் காதுக்கு எட்டியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்தப் பங்குனியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பி, பல்லடம் வழியாகப் போனோம். கூண்டில்லை, கண்ணியில்லை. மாமனார் சொன்ன அதே விதியை அவளுக்கும் சொன்னேன். முதலில் மயில்கள்தான் கத்தின. இப்போது அந்தப் பக்கம் கவுதாரியைவிட மயில்தான் கண்ணில் படுகிறது. வெள்ளாமைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வெளிச்சம் வந்த பிறகு தூரத்தில் ஒரு கவுதாரி கூப்பிட்டது, இன்னொன்று பதில் சொன்னது. ஜோடியாக வேலியடியில் ஓடி, எங்களைப் பார்த்ததும் கிளுவைக்குள் நுழைந்துவிட்டன. பறக்கவில்லை. கவுதாரி ஆபத்துக்கு முதலில் காலைத்தான் நம்பும்.

"அம்மா சாப்பிட்டாளே, ருசியா இருந்துச்சா?" என்றாள். இருந்தது என்றேன். குழந்தையிடம் இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது? வேட்டையாடினவன் எல்லாம் கொடியவன் என்று சொல்லிக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. நம் ஆனைகட்டியில் 1990ல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி மையத்துக்கு சலீம் அலி பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, இது என்ன குருவி என்று கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பியது அவருடைய வேட்டைக்கார மாமா.

திரும்பும் வழியில்தான் பார்த்தேன். மேற்குப் பக்கம் இரண்டு கொறங்காடு முழுக்கக் கல் நட்டிருந்தது. வேலி இல்லை. கவுதாரி தரையில் புல்லடியில் முட்டையிடும், ராத்திரி முள்மரத்தின் தாழ்ந்த கிளையில் அடையும். பருந்து வந்தால் கிளுவைக்குள் ஓடும். இந்த மூன்றும் போன இடத்தில் கண்ணி வைக்காமல் இருந்து என்ன பயன்? அமெரிக்காவில் 1937ல் ஒரு சட்டம் போட்டு, துப்பாக்கி தோட்டா மேல் வசூலாகும் கலால் வரியை வனவிலங்குகளுக்கும் அவை வாழும் நிலத்துக்கும் என்று திருப்பினார்கள். ஏறக்குறைய அழிந்துகொண்டிருந்த வான்கோழி மறுபடி பெருகியதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. நாம் பறவையைத் தொடாதே என்று சட்டம் போட்டோம், சரிதான். பறவை நிற்கும் பட்டா நிலத்துக்கு எந்தக் கோப்பிலும் பத்தி இல்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த காடு இப்போது என் மச்சான் மகன் பெயரில் இருக்கிறது. அவனும் கம்பி வேலி போடப்போவதாகச் சொன்னான். "மாமா, கிளுவையக் கவாத்துப் பண்ண ஆளு கெடைக்கறதில்லீங்க. கல்லுக்கால் நட்டாத்தான் நாளைக்கு வெல வருமுங்க." அவன் சொல்வது பொய்யில்லை. மாடு இருந்தபோது வேலிக்கு வேலை இருந்தது, இப்போது அவனிடம் இருப்பது நாலு ஆடு. விற்காதே என்று சொல்ல நான் யார்? பென்ஷன்காரன் யோசனைக்கு என்ன விலை?

பேத்தி நடுவில் புகுந்து, "மாமா, அந்தப் பக்கம் ரெண்டு கவுதாரி இருக்குது" என்று கிழக்கு வேலியைக் காட்டினாள். அவன் சிரித்தான். "அங்கயா? எனக்கே தெரியாதே சாமி" என்றான். கடைசியில் கிழக்குப் பக்கத்தை மட்டும் ஆடி வரைக்கும் விடுவதாகச் சொல்லியிருக்கிறான், அதற்குள் முட்டை பொரித்துவிடும் என்று நான் கணக்குச் சொன்னதால். மற்ற மூன்று பக்கத்துக்கும் கல்லுக்கால் வந்து இறங்கிவிட்டது.